தோல் இருக்கட்டும், கட்டி போகட்டும்

மார்பகப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷன், எடுத்த மார்பைத் திரும்ப அமைப்பது ஆகியவை பற்றிய சந்தேகங்களைக் கேட்டிருந்தோம். சேலம் சுற்றுவட்டாரத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களுக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி, கதிர்வீச்சு மருத்துவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டபடி பெயர்களை எடுத்துவிட்டோம்.

கேள்வி: எனக்கு 46 வயது. வீட்டிலேயே தறி ஓட்டுகிறோம். இடது மார்பில் 2.2 சென்டிமீட்டர் கட்டி. பயாப்ஸியில் கேன்சர் என்று வந்துவிட்டது. கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் டாக்டர். "வேரை விட்டுட்டுக் கிளையை வெட்டுவாங்களா, மொத்தமா எடுத்துடு" என்கிறார் நாத்தனார். எதைக் கேட்பது?
*வாசகி, இளம்பிள்ளை*

உங்கள் நாத்தனார் சொல்வதைத்தான் 1970கள் வரை பெரும்பாலான சர்ஜன்களும் சொன்னார்கள். மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குள் நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) எல்லாவற்றையும் சேர்த்துச் சுரண்டி எடுப்பதே அப்போது முறை. மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973இலும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இலும் ஆய்வுகளைத் தொடங்கினார்கள். சில பெண்களுக்கு மார்பு முழுவதும் எடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கட்டியும் சுற்றுப்பகுதியும் மட்டும். 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

காரணம் எளிது. இந்த நோய் ஒரே வேரில் நிற்கும் மரமல்ல. உடம்பில் வேறெங்காவது போக வேண்டிய செல் இருந்தால், கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே ரத்தம் வழியாகப் போயிருக்கும். மிச்ச மார்பை எடுப்பதால் அப்படிப் போன செல் திரும்பி வந்துவிடாது. அதைப் பார்த்துக்கொள்வது கீமோவும் ஹார்மோன் மாத்திரையும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மார்பைக் காப்பாற்றினால் கதிர்வீச்சு கட்டாயம். அதே அமெரிக்க ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 20 ஆண்டுக்குள் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 14 பேருக்கு. இன்றைய மருந்துகளோடு இந்த எண்கள் இன்னும் இறங்கியிருக்கின்றன. "கட்டியை எடுத்துக்கொள்கிறேன், கரண்ட் வைத்துக்கொள்ள மாட்டேன்" என்பவருக்கு இந்த ஆபரேஷன் சரிவராது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேறு யாருக்கு ஒத்துவராது? ஒரே மார்பில் தள்ளித் தள்ளிப் பல கட்டி இருப்பவர், மாமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் மார்பு முழுக்கச் சிதறியிருப்பவர், அதே பக்க நெஞ்சில் முன்பே கதிர்வீச்சு பெற்றவர், மார்புத் தோல் சிவந்து வீங்கி ஆரஞ்சுத் தோல்போல ஆகிவிட்டவர், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருப்பவர். கட்டி பெரிதாகவும் மார்பு சிறிதாகவும் இருந்தால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிப் பிறகு எடுக்கலாம். ஆனால் கீமோ தொடங்கும் முன்பே கட்டிக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை ஊசி வழியாக வைத்துவிட வேண்டும். சிலருக்குக் கட்டி முழுசாகக் கரைந்துபோகும். கிளிப் இல்லையென்றால் சர்ஜன் எந்த இடத்தை வெட்டுவார்?

கேள்வி: "ஓரம் கிளியர்" என்று ரிப்போர்ட்டில் வந்தால்தான் நல்லது என்கிறார்கள். ஓரம் என்றால் எவ்வளவு? கட்டியை எடுத்தபின் மார்பு குழி விழுந்துவிடுமா?
*வாசகி, ஓமலூர்*

எடுத்த சதைத்துண்டின் வெளிப்பக்கம் முழுவதும் நோய்க்குறியியல் மருத்துவர் மை பூசுவார். பக்கத்துக்கு ஒரு நிறம். பிறகு அதை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். புற்றுநோய் செல் மையைத் தொடாமல் இருந்தால் ஓரம் கிளியர். 2014இலிருந்து பரவும் வகைக்கு இதுதான் அளவு. முன்பெல்லாம் 1 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் என்று கேட்டார்கள். அதிகம் எடுப்பதால் நோய் திரும்புவது குறையவில்லை, மார்புதான் குறைந்தது. பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் வகை மட்டுமே இருந்தால் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் வெளி என்று தெரியாமல் துண்டு லேபுக்குப் போனால் மை பூசியும் பயனில்லை. சர்ஜன் துண்டில் இரண்டு நூல் தைத்து அனுப்புவார். குட்டை நூல் மேற்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம் என்பது பலர் கையாளும் வழக்கம். ஓரம் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி திறந்து எடுக்கலாம். இப்படி இரண்டாவது தடவை போக வேண்டி வருவது அபூர்வமல்ல. அதைச் சர்ஜனின் தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குழி விழுவது பற்றி. மார்பின் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குள் எடுத்தால் பெரும்பாலும் தெரியாது. அதற்கு மேல் போனாலோ, கட்டி கீழ்ப்பாதியில் இருந்தாலோ உருவம் கெடும். கீழ்ப்பாதியில் எடுத்துச் சும்மா தைத்துவிட்டால், கதிர்வீச்சுக்குப் பிறகு காம்பு கீழே இழுத்துக்கொண்டு கிளி மூக்குபோல வளைந்துவிடும். பிறகு சரிசெய்வது கடினம். கதிர்பட்ட தோல் இலகுவாக ஆறாது. அதனால்தான் எடுக்கும்போதே பக்கத்துச் சதையை நகர்த்திக் குழியை நிரப்புகிறார்கள். பெரிய, தொங்கும் மார்பாக இருந்தால் மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷனின் கோட்டிலேயே வெட்டிக் கட்டியை எடுத்து, மறுபக்கத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவரலாம். கழுத்துவலி, தோள்பட்டையில் உள்ளாடைப் பட்டை அழுத்தும் தழும்பு இரண்டும் போனது என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு.

கட்டி இருந்த படுகையில் நாலைந்து டைட்டானியம் கிளிப் வைத்தார்களா என்று கேளுங்கள். சதையை நகர்த்தித் தைத்தபின், கட்டி எங்கே இருந்தது என்று கதிர்வீச்சு மருத்துவருக்குக் காட்டுவது அந்தக் கிளிப்தான். அந்த இடத்துக்குக் கூடுதல் டோஸ் தர வேண்டியிருந்தால் தழும்பைப் பார்த்துக் குறிவைக்க முடியாது. தழும்பு வேறிடத்தில் இருக்கும்.

கேள்வி: என் அக்காவுக்கு மார்பில் கட்டி. சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று சொல்லி ஒரு நர்சிங்ஹோமில் உடனே எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் கேன்சர், ஓரம் தெரியவில்லை என்று வந்திருக்கிறது. இனி என்ன?
*வாசகி, ஆத்தூர்*

எங்களுக்கு வந்த கடிதங்களில் இப்படி நான்கு. மார்புக் கட்டி எதையும் ஊசிப் பரிசோதனை செய்யாமல் கத்தி வைக்கக் கூடாது. கையால் பார்ப்பது, மாமோகிராமோ ஸ்கேனோ எடுப்பது, 14 கேஜ் தடிமனுள்ள ட்ரூகட் ஊசியால் நூல்போலச் சதை எடுப்பது என மூன்றும் முடிந்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சு. ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயத்தால்தான் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. தெரியாமல் வெட்டுவதால் வரும் கெடுதலுக்கு உங்கள் அக்காவே சாட்சி.

இப்போது செய்ய வேண்டியது, அந்த லேபிலிருந்து ரிப்போர்ட் மட்டுமல்ல, கண்ணாடி ஸ்லைடுகளையும் சதைத்துண்டு பதித்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்குவது. நோயாளி கேட்டால் கொடுக்க வேண்டியவை அவை. ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்ற மூன்று பரிசோதனையும் அந்த மெழுகுக் கட்டையில்தான் செய்ய முடியும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அவைதான் சொல்லும். சதைத்துண்டு ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் விழுந்திருக்க வேண்டும். துண்டைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். சலைனிலோ காலி டப்பாவிலோ ஒரு ராத்திரி கிடந்திருந்தால் அந்தச் சோதனைகள் தப்பாக நெகட்டிவ் காட்டலாம். சந்தேகமிருந்தால், இரண்டாவது ஆபரேஷனில் மிச்சக் கட்டி கிடைத்தால் அதில் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

மார்பு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய தழும்பையும் படுகையையும் சேர்த்து மறுபடி எடுத்து, ஓரம் கிளியர் ஆனால், மார்பைக் காப்பாற்றலாம். சிக்கல் தழும்பு எங்கே இருக்கிறது என்பதில்தான். கட்டி ஒரு பக்கம், வெட்டு வேறு பக்கம் என்று தோலுக்கடியில் சுரங்கம் போட்டு எடுத்திருந்தால், அந்தப் பாதை முழுவதையும் எடுக்க வேண்டிவரும். அப்போது மிஞ்சும் தோல் போதாமல் போகலாம். பழைய ஆபரேஷன் நோட்டில் எங்கே வெட்டினார்கள், எவ்வளவு ஆழம் என்று எழுதியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதன் நகலையும் கேளுங்கள்.

கேள்வி: மார்பு முழுவதும் எடுக்க வேண்டும், ஆனால் தோலை வைத்துக்கொள்ளலாம், காம்பைக்கூட வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். தோலை விட்டால் கேன்சரை விட்டதாக ஆகாதா?
*வாசகி, அஸ்தம்பட்டி*

மார்பு என்பது தோல் உறைக்குள் இருக்கும் சுரப்பித் திசு. நோய் வருவது அந்தச் சுரப்பியில், தோலில் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கொழுப்பு அடுக்கு உண்டு. அந்த அடுக்கை ஒட்டியே சுரப்பியைப் பிரித்தெடுத்தால் உறை தனியாக நிற்கும். தோல் காக்கும் மார்பக நீக்கம் என்று இதற்கு 1991இல் பெயர் வைத்தார்கள். ஆரம்ப நிலை நோயில் தோல் முழுவதும் எடுப்பதோடு ஒப்பிட்டால் நோய் திரும்புவது ஏறக்குறைய ஒரே அளவுதான்.

சூட்சுமம் எல்லாம் அந்த அடுக்கில்தான். அதைத் தடிமனாக விட்டால் சுரப்பித் திசு ஒட்டிக்கொண்டு மிஞ்சும், நோய் திரும்ப இடமுண்டு. ஒரேயடியாக மெல்லியதாக்கினால் தோலுக்கு ரத்தம் ஊட்டும் நுண்குழாய்கள் அறுந்து, தோல் கறுத்துச் செத்துப்போகும். அடுக்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு தடிமன். ஒல்லியானவருக்கு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதனால் "இத்தனை மில்லிமீட்டர் விடுவேன்" என்று அடித்துச் சொல்பவரைவிட, "உங்கள் கொழுப்பு அடுக்கைப் பார்த்துத்தான்" என்று சொல்பவரை நம்புங்கள்.

காம்பு விஷயம் வேறு. பால்குழாய்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. கட்டி காம்புக்கு ரொம்பக் கிட்டே இருந்தால், காம்பிலிருந்து ரத்தக் கசிவு இருந்தால், காம்பு உள்ளே இழுத்திருந்தால் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு தூரம் என்பதில் சர்ஜன்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2 சென்டிமீட்டர் என்பது பழைய கணக்கு, இப்போது 1 சென்டிமீட்டருக்கும் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். தூரம் எப்படி இருந்தாலும், காம்புக்கு நேர் பின்னாலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்துப் பார்ப்பார்கள். அதில் புற்றுநோய் செல் இருந்தால் காம்பையும் எடுப்பார்கள். இதற்கான சம்மதத்தை மயக்கம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குவார்கள். உறைந்த துண்டில் தெரியாதது சில சமயம் ஒரு வாரம் கழித்து முழு ரிப்போர்ட்டில் தெரியும். அப்போது காம்பை எடுக்க இன்னொரு சின்ன ஆபரேஷன். தப்பிய காம்பிலும் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. பார்க்க இருக்கும், தொட்டால் தெரியாது. இதைப் பலர் சொல்வதில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம்.

தோல் சாகும் ஆபத்து யாருக்கு அதிகம் என்பது தெரிந்ததுதான். பெரிய, தொங்கும் மார்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர். முன்பே கதிர்வீச்சு பெற்றவர். பீடி, சிகரெட் பழக்கம். நம் பக்கத்தில் பெண்கள் பீடி பிடிப்பது குறைவு. வெற்றிலையோடு புகையிலை போடுவது குறைவல்ல. நிக்கோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் நுண்குழாய்களைச் சுருக்கும். ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். "நான் புகை பிடிப்பதில்லையே" என்று சொல்லிவிட்டு இடுப்புச் சுருக்குப்பையை மறைக்காதீர்கள்.

தோல் கொஞ்சம் கறுத்தால் பெரிய விஷயமா? அதுவாக ஆறிவிடும் என்றால் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பின் கீமோ 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டியவருக்குப் புண் ஆறாமல் போனால் கீமோவே தள்ளிப்போகும். அழகுக்காகச் செய்தது சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. ஆகவே சர்க்கரையும் புகையிலையும் உள்ளவருக்கு, கீமோ உறுதி என்றால், தட்டையாகத் தைத்துவிட்டு மறுசீரமைப்பைப் பிறகு பார்க்கலாம் என்று நாங்கள் சொல்வதுண்டு. தட்டையாக இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். தொங்கும் மடிப்பு இல்லாமல் சீராகத் தைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஏற்காடு எஸ்டேட்டில் வேலை. மலைச்சரிவில் ஏறிக் காப்பிப் பழம் பறிப்போம், மூட்டை தூக்குவோம், ஏணி போட்டு மிளகு பறிப்போம். மார்பு எடுத்தபின் முதுகுச் சதையிலோ வயிற்றுச் சதையிலோ புது மார்பு செய்யலாம் என்றார்கள். எதைச் சொல்வது? எப்போது மலை ஏறலாம்?
*வாசகி, நாகலூர்*

இந்தக் கேள்வியை ஆபரேஷனுக்கு முன் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். எந்தச் சதை என்று முடிவு செய்யும்போது மார்பின் அளவைப் பார்க்கிறோம், வேலையைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

முதுகுத் தசை என்பது தோள்பட்டைக்குக் கீழே விரிந்திருக்கும் பெரிய தசை. தலைக்கு மேலே தூக்கிய கையைக் கீழே இழுப்பது, கிளையைப் பிடித்து உடம்பை மேலே தூக்குவது, உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஊன்றி எழுவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. வீட்டு வேலைக்கு அது போனது தெரியாது. பக்கத்துத் தசைகள் பங்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் வெள்ளி ஓக் மரத்தில் ஏணி சாய்த்துக் கையை மேலே நீட்டி மிளகுக் கொடியை இழுப்பவருக்குத் தெரியும். மார்பை முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, கட்டி எடுத்த குழியை நிரப்பினால் போதும் என்றால், தசையைத் தொடாமல் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் உள்ள தோலையும் கொழுப்பையும் மட்டும் ரத்தக்குழாயோடு திருப்பிவைக்கும் முறை இருக்கிறது. உங்கள் வேலைக்கு அதை முதலில் கேளுங்கள். முதுகுத் தசை எடுத்த இடத்தில் நீர் கோப்பது மிகச் சாதாரணம். வாரக்கணக்கில் ஊசியால் எடுக்க வேண்டியிருக்கலாம். மலையிலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்கி வர முடியுமா என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வயிற்றில் இரண்டு வகை. ஒன்றில் வயிற்றின் நேர்த்தசையையும் சேர்த்து எடுத்து மேலே திருப்புவார்கள். மூட்டை தூக்குபவருக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வயிற்றுச் சுவர் பலவீனமாகிப் புடைப்போ குடலிறக்கமோ வரலாம், வலை வைத்துத் தைத்தாலும். இன்னொன்றில் தசையை அங்கேயே விட்டுவிட்டுத் தோல், கொழுப்பு, ரத்தக்குழாய் மட்டும் எடுத்து, நெஞ்சிலுள்ள ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்து இணைப்பார்கள். ஆபரேஷன் 6 முதல் 8 மணி நேரம் போகும். முதல் இரண்டு மூன்று நாள் மணிக்கொரு தரம் புதுமார்பின் நிறம், சூடு, அழுத்தினால் ரத்தம் திரும்பும் வேகம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இணைப்பில் ரத்தம் உறைந்தால் உடனே திரும்பத் திறந்தால்தான் காப்பாற்ற முடியும். ராத்திரி 2 மணிக்கும் தியேட்டரும் ஆளும் தயாராக இருக்கும் மருத்துவமனையில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும். அது உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் என்பதால் சில வாரம் நிறுத்திவைப்பார்கள்.

சிசேரியனோ குடும்பக்கட்டுப்பாடோ ஆனவர்களுக்கு வயிற்றுச் சதை கிடைக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அடிவயிற்றில் குறுக்குத் தழும்பு என்றால் பெரும்பாலும் தடையில்லை. தொப்புளுக்குக் கீழே நெட்டுக்குத்தான தழும்பு என்றால் நடுக்கோட்டைத் தாண்டி ரத்தம் பாயாது. ஒரு பாதி மட்டுமே பயன்படும். வயிற்றுச் சதையே இல்லாத ஒல்லியானவருக்கு இந்த வழி இல்லை.

மலை ஏறுவது எப்போது? 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் சாய்ந்து திரும்பும்போது கம்பியைப் பிடித்துத் தொங்குவதுதான் ஆபத்து. காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய் உடம்பில் இருக்கும் வரை மேலே போகாதீர்கள். போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆபரேஷன் ஆன பக்கம் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். 6 வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. வயிற்றிலிருந்து எடுத்திருந்தால் மூட்டை வேலைக்கு மூன்று மாதமாவது. கதிர்வீச்சு 3 வாரம், வாரத்துக்கு 5 நாள். 15 தடவை மலை இறங்கி ஏறுவதைவிடக் கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. தேதி தள்ளிப்போட முடிந்தால் நவம்பரிலிருந்து ஜனவரி வரையிலான பழப்பறிப்பை மனதில் வைத்துக் கேளுங்கள். ஆனால் பறிப்புக்காக ஆபரேஷனை மாதக்கணக்கில் தள்ள வேண்டாம்.

இன்னொன்று. அக்குள் நெறிகளை முழுதாக எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வாழ்நாள் முழுவதும் வீங்கும் வாய்ப்புண்டு. முள், அட்டைக்கடி, அரிவாள் கீறல் வழியாகக் கிருமி புகுந்தால் ஒரே நாளில் கை சிவந்து வீங்கிவிடும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுப் பறியுங்கள். கீறினால் சோப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போடுங்கள். காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும்.

கேள்வி: காவல் நெறி என்று ஒன்றை எடுத்தார்கள். மறுநாள் அம்மாவுக்கு நீலமாகச் சிறுநீர் போகிறது. பயமாக இருக்கிறது.
*வாசகி, மேட்டூர்*

பயப்பட வேண்டாம். மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறியைக் கண்டுபிடிக்க நீலச்சாயமோ லேசான கதிரியக்கத் திரவமோ, இரண்டுமோ செலுத்துவார்கள். சாயம் சிறுநீரில் ஒன்றிரண்டு நாள் போகும். மார்புத் தோலில் நீலக்கறை சில மாதம்கூட நிற்கலாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மெத்திலீன் புளூ சாயத்தோடு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆபரேஷனுக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். காவல் நெறியில் நோய் இல்லையென்றால் மற்ற நெறிகளைத் தொட மாட்டார்கள். கை வீக்கம் குறைந்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

கேள்வி: மனைவிக்கு சிலிகான் வைக்கலாம் என்கிறார்கள். கதிர்வீச்சும் உண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. சிலிகான் எத்தனை வருஷம் உழைக்கும்?
*வாசகர், செவ்வாய்ப்பேட்டை*

கதிர்வீச்சு உண்டு என்றால் சிலிகானை யோசித்து வையுங்கள். சிலிகானைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய உறை கட்டும்; கதிர்பட்டால் அந்த உறை தடித்துச் சுருங்கி, மார்பு கல்போல ஆகி மேலே ஏறிவிடும். கதிர்பட்ட நெஞ்சுக்கு உடம்பின் சொந்தச் சதையே நன்றாக ஒட்டும். நாங்கள் பரிந்துரைக்கும் இன்னொரு வழி, ஆபரேஷனின்போது தோலுக்கடியில் விரிவாக்கிப் பை மட்டும் வைத்துத் தோலின் இடத்தைக் காப்பாற்றி, கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் ஒரு வருடம் கழித்துச் சதையாக மாற்றுவது. பையில் இரண்டு வாரம் கழித்துத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 50 முதல் 100 மில்லி சலைன் ஊசி வழியாக ஏற்றுவார்கள். பல விரிவாக்கிப் பைகளில் ஊசி குத்தும் இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் இருக்கும். பை உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

சிலிகான் ஆயுள் முழுக்க உழைக்கும் சாமான் அல்ல. உள்ளேயே கசிந்தாலும் வெளியே தெரியாது. வைத்து ஐந்தாறு வருடத்திலிருந்து இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ பார்க்க வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பான சில வகைகளால் அபூர்வமாக ஒரு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) வருவதாகத் தெரிந்து, 2019இல் உலகம் முழுக்க ஒரு வகை திரும்பப் பெறப்பட்டது. வைத்த சிலிகானின் கம்பெனி, மாடல், சீரியல் எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். அட்டை இருந்தாலும், மார்பு எடுப்பதற்கு ஒரு பேக்கேஜ், மறுசீரமைப்புக்கு ஒரு பேக்கேஜ் என்று அனுமதி தனித்தனியாகக் கேட்கப்படும். அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுண்டரில், சிலிகான் விலையும் இரண்டாவது கட்ட ஆபரேஷனும் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆபரேஷனுக்கு அனுமதி வாங்கிவிட்டு இரண்டாவதற்குப் பணம் இல்லாமல் விரிவாக்கிப் பையோடு நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கட்டி 1.5 சென்டிமீட்டர். கதிர்வீச்சு கட்டாயமா?
*வாசகர், தாரமங்கலம்*

மேலே இளம்பிள்ளை வாசகிக்குக் கட்டாயம் என்றோம். உங்கள் அம்மாவுக்கு அப்படியில்லை. 65 வயதுக்கு மேல், சிறிய கட்டி, நெறியில் நோயில்லை, ஈ.ஆர். பாசிட்டிவ், ஓரம் கிளியர், ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவார் என்ற எல்லாம் சேர்ந்தால் கதிர்வீச்சை விடலாம். மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர் என்று உங்களுக்குத் தெரிந்தால் கதிர்வீச்சே மேல்; ஒரே வாரத்தில் 5 தடவையில் முடிக்கும் முறையும் வந்துவிட்டது.

கேள்வி: ட்ரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன பார்க்க வேண்டும்?
*வாசகி, அயோத்தியாபட்டணம்*

காலை, மாலை ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு வெளிர் சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம் என்று மாறும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்கும் குறைவாக இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுத்துவிடுவார்கள். குழாயை நாள்தோறும் இரண்டு தடவை மேலிருந்து கீழே உருவிவிடுங்கள். ரத்தக்கட்டி அடைத்தால் உள்ளே நீர் கோத்துத் தோலைத் தள்ளும். கொள்கலனைக் காலி செய்தபின் அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள், உப்பியிருந்தால் உறிஞ்சாது. ஊக்கால் புடவையில் குத்தி, இடுப்புக்கு மேலே போகாமல் தொங்கவிடுங்கள். தையல்மேல் மஞ்சளோ வேப்பிலை அரைப்போ பூச வேண்டாம்.

திடீரெனப் புது ரத்தமாக ஒரு மணி நேரத்தில் 100 மில்லி வந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், தோல் ஊதா நிறமாகித் தொட்டால் சில்லென்று இருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கையை அசைக்காமல் வைத்திருப்பதும் தப்பு. முதல் வாரம் தலை வாருவது, முகம் கழுவுவது போதும். தோள் உயரத்துக்கு மேலே வேண்டாம். ட்ரெயின் எடுத்தபின் சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல நகர்த்தி, எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கதிர்வீச்சுக்குக் கை தலைக்கு மேலே போக வேண்டும். கை தூக்க முடியாமல் மேஜையிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. சதை வைத்து மறுசீரமைப்பு செய்தவர்கள் சர்ஜன் சொல்லாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

கேள்வி: காம்பு இல்லாமல் புதுமார்பு செய்திருக்கிறார்கள். காம்பு எப்போது?
*வாசகி, பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்*

புதுமார்பு இறங்கி அதன் இடத்தில் நிலைத்த பிறகு. குறைந்தது மூன்று நான்கு மாதம். அங்கேயே தோலை மடித்துச் சின்னதாக ஒன்று செய்வார்கள். நாள் போகப் போகத் தட்டையாகும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே செய்வது வழக்கம். சுற்றுக் கருவட்டம் பச்சை குத்துவதுதான். ஆபரேஷன் வேண்டாம் என்றால் நிழலும் வெளிச்சமும் காட்டிப் பச்சை குத்தியே காம்பு இருப்பதுபோலத் தெரியச் செய்யலாம். நிறம் ஒன்றிரண்டு வருடத்தில் மங்கும், மறுபடி குத்திக்கொள்ளலாம்.